நாலாம் நிலைக்குச் சற்று உள்ளே

முதலில் ஊதுவதில்லை.
முதலில் மூச்சு மட்டும்.
நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுவது.
கொரடாச்சேரி டிரான்ஸ்பார்மர் கீழே, விடியுமுன்,
பெட்டியும் கையுமாக ஒருவன் நின்று
இப்படி இழுத்து இழுத்து விட்டால்
ஆஸ்துமா என்றுதான் தோன்றும்.
பால்வண்டி குணபாலன் ஒருநாள்
நிறுத்திக் கேட்டேவிட்டார்.

அப்புறம் மவுத்பீஸ் தனியாக.
மீதி ஒன்பது அடிப் பித்தளை
பெட்டிக்குள் தூங்கட்டும்.
உதட்டை இறுக்கித் துடிக்கவிட்டால்
பாட்டிலில் மாட்டிக்கொண்ட குளவி.
சுரம் இல்லை, சுரத்தின் அரிப்பு.
உதட்டில் வட்டம் பதியும்வரை மூன்று நிமிடம்.
அந்த வட்டத்தோடுதான் ரேஷன் கடைக்குப் போவேன்.

ஸ்லைடுக்குத் தண்ணீர் பீய்ச்ச
சலூன் வடுகநாதன் கொடுத்த பழைய ஸ்ப்ரே.
மூன்றாம் நிலையில் ஒரு நெளிசல்,
நீடாமங்கலத்தில் மாப்பிள்ளைக் குதிரை உதைத்தது.
அங்கே மட்டும் கை தயங்கும்,
வேகத்தடை தெரிந்த டவுன்பஸ் டிரைவர் மாதிரி.

ஏன் இங்கே வந்து ஊதுகிறாய் என்றால்
வீட்டில் கைக்குழந்தை என்பேன்.
இன்னொரு காரணம் உண்டு, சொன்னதில்லை.
டிரான்ஸ்பார்மர் பாடுகிறது.
ராப்பகலாய் ஒரே சுரம்,
மூச்சு வாங்காமல், முன்பணம் கேட்காமல்.
என் நாலாம் நிலைக்கு அரை விரல் உள்ளே,
எந்தக் கல்யாணப் பாட்டிலும் வராத இடம்.
ஸ்லைடில் கோடு கிடையாது. தேடித்தான் போகவேண்டும்.
முதலில் இரண்டும் உரசும்,
வவ் வவ் வவ் என்று காற்றில் ஒரு துடிப்பு.
மணிக்கட்டை உள்ளே இழுக்க, இன்னும் ஒரு நெல்மணி,
துடிப்பு நீண்டு, நீண்டு,
நின்றுவிடும்.
அப்போது நான் ஊதுவது எனக்கே கேட்காது.

இன்று, பதினொன்று எண்ணும்போது
கரண்ட் போயிற்று.
ரைஸ்மில் வாசல் விளக்கு, தெருவிளக்கு,
தலைக்கு மேலிருந்த பாட்டு,
எல்லாம் ஒரே நொடியில்.
மிச்சம் ஒரு சுரம்.

நிறுத்தியிருக்கலாம்.
அதே இடத்தில்தான் இருக்கிறாயா என்று
கையைக் கேட்டேன். அது சொல்லவில்லை.
பதினைந்து. பதினாறு.
வெட்டாற்றுப் பக்கம் தவளைகள்
தங்கள் வேலையைப் பார்த்தன.
இவ்வளவு தடித்த குரலா எனக்கு?
கொஞ்சம் மூக்கடைத்து, கொஞ்சம் பிடிவாதமாய்,
கடன் கேட்கப் போய்
கேட்காமல் திரும்புகிறவன் பேச்சு போல.

மூச்சு தீர்ந்தது.
சாவியை அழுத்தி நீரை வடித்தேன்.
செருப்பருகே ஒரு ஸ்பூன் ஈரம்.
இருட்டிலேயே ஏழு நிலையும் ஒருமுறை
இறங்கி ஏறினேன், நெளிசலில் தயங்கி.

ஆறே காலுக்கு மும்முனை வந்தது.
குறுவை வயல்களில் மோட்டார்கள்
ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கிளம்பின.
தலைக்கு மேலும் தொடங்கிற்று.
விட்ட இடம் என்று நம்பியதில் வைத்து ஊதினேன்.
நொடிக்கு ஒரு துடிப்பு.
விலகியிருந்தேன்.
அல்லது அது.

சரிசெய்யவில்லை.
இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே ஊதிக்கொண்டிருந்தேன்.
மாலை திருவாரூரில் ரிசப்ஷன்.
நீல கோட்டில் இரண்டு பொத்தான் வேறு தைக்கவேண்டும்.