புளிப்பில் மட்டும்

வூப்பர்டாலில் ரயில் ஆற்றின்மேல்
தொங்கிக்கொண்டே போகும்.
அதன் நிழல் என் மேசையைக் கடக்கும்போதெல்லாம்
தட்டில் எண்ணிக்கொண்டிருந்த கிருமிகளில்
ஒன்றிரண்டு தவறிவிடும்.

காலையில் முகப்பூச்சு, மாலையில் வெள்ளரிக்காய்ப் போத்தல்.
இரண்டுக்கும் ஒரே வெள்ளைத் தூள்,
சோடியம் பென்சோயேட்.
பார்க்க உப்பு மாதிரி.
கொல்வதுகூட இல்லை பெரும்பாலும்,
"வளராதே" என்று வாசலை மறித்து நிற்கும்.
அதுவும் புளிப்பு இருந்தால்தான்.
இல்லையேல் சும்மா கிடக்கும்,
சம்பளம் மட்டும் வாங்கும் காவலாளி.

லிண்ட்ஹோர்ஸ்ட் அம்மையாரின் புதுக் களிம்பில்
அது இல்லை. எதுவுமே இல்லை.
மூடியில் ஒரு பச்சை இலை அச்சடித்திருந்தது.
விதிப்படி பூஞ்சையை நானே உள்ளே விட்டேன்,
விருந்துக்கு அழைத்தவள்போல.
இரண்டாம் நாள். ஏழாம் நாள்.
பதினான்காம் நாள் திறந்தால்
இலைக்குக் கீழே
கறுப்பாய் ஒரு தோட்டம்.

"இன்னொருமுறை பாருங்களேன்"
மேலாளர் கிளாசன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
என் ஆறுமாதத் தகுதிக்காலம் முடிய
இன்னும் பதினொரு நாள்.
வயிற்றில் புளியைக் கரைத்தது.
சரி, புளிப்பு வந்தாயிற்று,
இனி வேலை செய் என்று எனக்கே சொல்லிக்கொண்டு
'தேறவில்லை' கட்டத்தில் கையெழுத்திட்டேன்.
தமிழில்தான். சாருமதியின் முதல் கால்
நடுங்கி நீண்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போட்டேன்.
கூரையில் இருந்த கருவி ஊரைக் கூட்டியது.
கீழ்வீட்டு ஓலிக்ஸ் தீயணைப்பானோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.
"என்ன எரிகிறது?"

உள்ளதைச் சொன்னால், அந்த வெள்ளைத் தூளின் தாய்.
இந்தப் பிசினைச் சூடாக்கித்தான்
அந்த அமிலத்தை முதலில் எடுத்தார்கள்,
பெயரும் இதிலிருந்து போனதுதான்.
எத்தனை பேரை 'மட்டிச் சாம்பிராணி' என்று
திட்டியிருப்பேன்!
"வாசனைப் புகை" என்றேன்.
தும்மினார், போனார்.

மறுநாள் கதவுப்பிடியில் ஒரு பை.
உள்ளே சிவப்புப் பழப்பாகு,
காட்டில் அவரே பறித்ததாம்.
கூடவே ஒரு துண்டுத்தாள்:
"இதில் ரசாயனம் எதுவும் கிடையாது.
ஆனாலும் கெடவே கெடாது."

ஏன் கெடாது என்று எனக்குத் தெரியும்.
அந்தப் பழம் பிறக்கும்போதே
அதே அமிலத்தோடு பிறக்கிறது.
படியிறங்கிச் சொல்லிவிடலாமா என்று
செருப்பில் ஒரு கால் வைத்தேன்.
பிறகு எடுத்துவிட்டேன்.

ரொட்டியில் தடவிக் கடித்தேன்.
பல் கூசியது.
திங்கட்கிழமைக்கு இன்னும்
இரண்டு இரவு.