முப்பதாம் நாள்

கிளாஸ்கோ. க்ளைட் நதிக்குத் தெற்கே,
அவசரப் பிரிவின் நான்காம் தடுப்பறை.
அதிகாலை மூன்று இருபது.
இரத்த அழுத்தம் எழுபதைத் தாண்ட மாட்டேன் என்கிறது.
என் சட்டைப் பையில் அல்ட்ராசவுண்ட்,
சீப்பு அளவுதான், விளிம்பில் ஜெல் காய்ந்த தடம்.
கையில் ஓர் உறை.
உறையைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

இருநூற்றுப் பதினேழாவது உறை.
கிழித்தேன்.
கருவி இல்லாத பக்கம்.

டூகல்ட் மெக்கெக்னி, எழுபத்தொன்று,
கோவன் தளத்தில் வெல்டராக இருந்தவர்.
இரும்பில் விரிசல் தேடிய ஒலிதான்
பிறகு இதே ஊரில்
வயிற்றுக்குள் குழந்தையைத் தேடியது.
இங்கே டாக்ஸி ஓட்டுநரும் சொல்வார் அதை.
அவர் விலா எலும்புகளுக்கு நடுவே
அந்த ஒலியை நான் அனுப்பக் கூடாது,
முதல் ஒரு மணி நேரத்துக்கு.
கீழே அவர் மகளின் கையெழுத்து,
கோணலாக, தேதி தவறாக.

மோரக் என் பையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பிறகு சலைனை உயரத் தூக்கி மாட்டினாள்.

எது நல்லதென்று தெரியாது.
அந்தத் தெரியாமைதான் எங்கள் அனுமதிச் சீட்டு.
தெரிந்துவிட்ட மறுநாள்
மீதி உறைகளை எரித்துவிட வேண்டும்.
தெரிந்ததைப்போல் இருந்தது எனக்கு, அன்று, மூன்று இருபதுக்கு.
தெரிந்ததைப்போல் இருப்பதற்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

கண்ணால் காண்பதும் பொய்,
காதால் கேட்பதும் பொய்.
சரி, காதுக்கு எட்டாத ஒலியைக்
கண்ணுக்குக் காட்டும் இந்தக் கருவி
ஒரு பொய்யா, இரண்டா?
தீர விசாரிக்கத்தான் நானூறு உறைகள்.

இருநூற்றுப் பதினாறைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை.
செனைட் காலகர், ஐம்பத்து மூன்று, பள்ளிச் சமையலறையில் வேலை.
கருவி உள்ள பக்கம்.
ஆறே நிமிடம்:
இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம்,
நடுவே அது
தண்ணீரில் விழுந்த பூனைக்குட்டியாய்த் தத்தளித்தது.
ஊசியை இறக்கினோம். அழுத்தம் ஏறியது.
உணவகத்தில் அந்தக் கதையை இரண்டு முறை சொன்னேன்.
மூன்றாம் முறை சொல்ல ஆளைத் தேடினேன்.

பத்தொன்பதாம் நாள் செனைட் இறந்தாள்.
நீர் அல்ல காரணம்;
நீரை அங்கே அனுப்பியது எதுவோ அது.

முப்பதாம் நாள் தொலைபேசுவது என் வேலை.
ஒரே கேள்வி, இரண்டு கட்டம்.
கேள்விக்கு முன் நலமா என்று கேட்கக் கூடாது என்று
முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.
செனைட்டின் கணவர் அமைதியாகப் பதில் சொன்னார்,
பின்னால் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி உறையும் முடிந்து கூட்டிப் பார்த்தபோது
கருவி உள்ள பக்கம் நூற்றுக்கு இருபத்து நான்கு,
இல்லாத பக்கம் இருபத்தைந்து.
அந்த ஒன்று காற்றில் ஆடும் ஒன்று;
அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் நிற்க முடியாது.
இன்னொரு அட்டவணையும் உண்டு:
கருவி பிடித்த மருத்துவர்களுக்குச்
சந்தேகம் பாதியாகக் குறைந்திருந்தது.
நாங்கள் தெளிவாக இருந்தோம்.
அவர்கள் அதே அளவு இறந்தார்கள்.

ரோரி கேட்டார், இனி பையில் வைத்திருப்பாயா?
வைத்திருப்பேன் என்றேன்.
ஏன் என்பதற்கு
இன்னும் ஆய்வு நடக்கவில்லை.

டூகல்டை அழைத்தது ஒரு செவ்வாய்.
நான்காம் மணியில் எடுத்தார், இருமலோடு.
குரலே பதில். ஆனாலும் கேட்க வேண்டும், கேட்டேன்.
இருக்கிறேன் போலிருக்கிறது, என்றார்.
எனக்கு எந்தப் பக்கம் விழுந்தது?
சொன்னேன்.
அப்போ படம் ஒன்றும் இல்லையா?
இல்லை.
ஃப்ரிட்ஜில் இடம் வைத்திருந்தேன், என்றார்,
வரப்போகும் பேத்தியின் படத்துக்குப் பக்கத்தில்.

கட்டத்தில் டிக் போட்டேன். மை பிடிக்கவில்லை.
காகிதத்தில் எங்கோ ஜெல் பட்டிருக்கிறது.
அழுத்தி, இன்னொரு முறை.