மூன்று மாத்திரை

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
பைக்கில் உட்கார்ந்தபடியே
ழ-வுக்குக் குறி ஒதுக்கினேன்:
கோடு, கோடு, புள்ளி, கோடு, கோடு.
உர ரசீது, கல்யாணப் பத்திரிகை,
கூட்டுறவுச் சங்க அறிவிப்பு
எல்லாவற்றையும் கொட்டி எண்ணியதில்
அது அதிகம் வராத எழுத்து.
அ-வுக்கு ஒற்றைப் புள்ளி போதும்.

உத்திராபதிக்கு அசைவது வலது இமை மட்டும்.
மூணாற்றுத் தலைப்பில்
ஷட்டர் ஏற்றி இறக்கியவர்.
பதினாலு மாதமாக இரும்புக் கட்டிலில்,
இப்போது செல்போன் கேமராவுக்கு எதிரே.

"சும்மா படபடத்தா கணக்குல எடுக்காது.
ஒரு மாத்திரை நேரம் மூடினா புள்ளி,
மூணு மாத்திரைன்னா கோடு."
தையல்நாயகி அலமாரியைப் பார்த்தார்:
"எந்த மாத்திரைங்க? காலையிலயே குடுத்தாச்சே."

பள்ளியில் படித்ததுதான்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.
மோர்ஸ் கோட்டுக்கு மூன்று வேண்டும்.
நிரலில் அதற்கு
அளபெடை என்று பெயர் வைத்தேன்.
சென்னையில் சரிபார்க்கும் எட்வின்
"யாருங்க இது?" என்று கேட்டிருந்தான்.

முதல் நாள், எதிரே கொள்முதல் நிலையத்தில்
குறுவை நெல் தூற்றினார்கள்.
தூசிக்கு இமையை இறுக்கி இறுக்கி மூட,
திரை முழுக்க
அஅஅஅஅஅஅஅ
வலியில் கத்துகிறார் என்று
கையில் கரண்டியோடு ஓடிவந்தார் தையல்நாயகி.

நாலாம் நாள் 'தலை' வரை வந்தது.
செயலி முந்திக்கொண்டு நீட்டியது:
தலைவர், தலைப்பு, தலைமைச் செயலகம்.
"தலைப்புல எவ்ளோ தண்ணி போவுதுன்னு கேக்குறாரு,"
மச்சினருக்குச் சந்தேகமே இல்லை.
போன் போட்டு விசாரித்தார்.
ஆயிரத்து இருநூறு கனஅடி என்று
காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னார்.
இமை நிற்கவில்லை.
ய. ணை.
கழுத்துக்கு அடியிலிருந்து நழுவி
எப்போதோ தரையில் விழுந்து கிடந்தது.

அடுத்த வாரம் 'வாளப்பளம்' என்று எழுதினார்.
என் பிழைதிருத்தி
வாழைப்பழம் ஆக்கியது.
எட்டுப் புள்ளி: அழி.
மறுபடி வாளப்பளம்.
மறுபடி வாழைப்பழம்.
எட்டுப் புள்ளி, எட்டுப் புள்ளி,
கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து
இன்னொரு எட்டு.

ழ-வுக்கு ஐந்து குறி, ள-வுக்கு இரண்டு;
மனிதர் மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.
"ழ-வைச் சுருக்கித் தர்றேண்ணே."

அவர் பதில் சொல்ல நாற்பது நிமிடம்.
நடுவில் மன்னார்குடி வண்டி போனது.
பிழைதிருத்தியை நிறுத்திவைத்திருந்தேன்.

நா என்னக்கி அப்புடி பேசுனேன்

தையல்நாயகி திரும்பவில்லை,
பழத்தை மசித்துக்கொண்டிருந்தார்.
அவருக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை போல.

திரும்பும்போது மறுபடி கேட்.
எட்வினுக்குக் குறிப்பு அனுப்பினேன்:
பிழைதிருத்தி நீக்கம்.
'காரணம்' என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் கட்டைவிரல் நின்றது.
சரக்கு ரயில், ஐம்பது பெட்டிக்கு மேல்.
வாளப்பளம்
என்று போட்டு அனுப்பினேன்.