நான்குக்கு அப்பால்

பகலில் அது பால் கணக்குப் பார்க்கும்.
எந்தப் பண்ணை, எத்தனை லிட்டர்,
கொழுப்பு நூற்றுக்கு நாலா, நாலேகாலா.
இரவு பத்துக்கு மேல்
ஃபிரீஸ்லாந்தின் அந்தப் பால் கூட்டுறவில்
கணினி என்னுடையது.

முந்நூற்றுப் பன்னிரண்டு துளை அட்டைகளுக்குள்
ஒரு செக்கர்ஸ் பலகையை அடைத்திருந்தேன்.
பத்துக்குப் பத்து கட்டம், ஆளுக்கு இருபது காய்.
மற்ற ஊர்க்காரர்கள் மூலைவாக்கில் மட்டும் வெட்டுவார்கள்,
நாங்கள் நேராகவும் பக்கவாட்டிலும்கூட.
அந்த ஒரு பிடிவாதத்துக்கே
தொண்ணூறு அட்டை செலவு.

சொல்லிவைத்தது கொஞ்சம்தான்.
காய்க்கு நூறு மதிப்பெண்.
வெட்ட முடிந்தால் வெட்டியே தீரவேண்டும்.
நான்கு நகர்வு வரை எண்ணிப்பார்,
அதற்கு மேல் எண்ணினால் விடிந்துவிடும்.

எதிரில் வீப்ரென், டேங்கர் ஓட்டுபவன்.
பலகையை அச்சுப்பொறியின் மூடிமேல் வைப்பான்.
அது 32-28 என்று தட்டும்,
அவன் ரப்பர் பூட்ஸைத் தரையில் தேய்த்தபடி
காயை நகர்த்துவான், அதற்கும் சேர்த்து.

மார்ச்சில் ஓர் இரவு
சும்மா ஒரு காயைக் கொடுத்தது.
அடுத்து இன்னொன்று.
அப்புறம் இன்னொன்று.
"கடன்காரன் வட்டி கட்டுவதுபோல் ஆடுகிறதே" என்று சிரித்தான் வீப்ரென்.
அட்டைகளைத் தரையில் பரப்பி
முழங்காலிட்டுத் தேடினேன்.
பிழை எதுவும் இல்லை.

நான்காவது நகர்வில் மூன்று காய் போவதை
அது பார்த்திருக்கிறது.
இப்போதே ஒன்றை எறிந்தால் அவன் வெட்டியாக வேண்டும்,
இழப்பு ஆறாவதற்குத் தள்ளிப்போகும்.
ஆறாவது என்று ஒன்று
அதன் உலகத்தில் கிடையாது.
எனவே நிம்மதியாக எறிகிறது.

ஜனவரியில் வீப்ரென் ஒன்று கேட்டிருந்தான்.
கனடாவில் அவன் அண்ணனுக்கு நிலம் இருக்கிறது,
இரண்டு பேருக்கும் வேலை கிடைக்கும்.
பனி உருகட்டும் என்றேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன்,
கால்வாய் உறைந்த அன்று ஒரு மாலை முழுக்க,
என் கம்பளிக் கையுறை.
நிரல் முடியட்டும் என்றேன்.

எழுந்து ஒரு அட்டையை உருவினேன்.
நான்கை ஆறாகத் துளையிட்டேன்.
"பழைய நிலைக்கு அடுக்கு" என்றேன் அவனிடம்.

விளக்குகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.
அவன் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தான்.
கீழே ஆறிப்போன டேங்கர்.
நாலு இருபதுக்கு ஒரே ஒரு வரி வந்தது.
எதையும் எறியாமல்
பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு சாதாரண நகர்வு.
அப்புறம் மூன்று காய் போயின,
ஆட்டமும் போனது.

"நான் வரவில்லை, வீப்ரென்."

காய்களைத் துணிப்பைக்குள் எண்ணிப் போட்டான்.
நாற்பதும் இருந்தன.
"பால் ஏற்ற நேரமாகிவிட்டது" என்றான்.
படியில் பூட்ஸ் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

ஒன்பது மணி அட்டைகளில் அவன் வண்டி:
பதினோராயிரத்து நானூறு லிட்டர்,
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.
சரியாகத்தான் கூட்டியது.