ஆற அமர

கம்பாதோஸ் துறையில் மூன்று நாளாய் மழை.
சிப்பி அவிக்கும் கொப்பரை
வாங்கிய பதினோராம் மாதத்தில்
உப்புத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய்க் கீழே விட்டது.

பற்றவைப்பு சரியில்லை என்றார்கள்.
பிராய்ஸ் பதில் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றி
தான் போட்ட தையலை விரலால் ஒருமுறை தடவினான்.

நான் சுத்தியலால் தட்டினேன்.
மேல்விளிம்பு, கணீர்.
தையல், கணீர்.
அடித்தகடு
நனைந்த பலகை.

வெட்டிய துண்டை மெருகேற்றி
அமிலத்தில் மின்சாரம் கொடுத்தேன், ஒன்றரை நிமிடம்.
உருப்பெருக்கியில்
ஒவ்வொரு மணியைச் சுற்றியும்
வரப்பு இருக்கவேண்டிய இடத்தில் வாய்க்கால்.

கரியின் வேலை.
ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை அது.
ஆனாலும் சூடு அறுநூறைத் தாண்டி
அங்கேயே தங்கிவிட்டால்
எழுந்து நடக்கும்,
வரப்போரம் போய்
அக்கம்பக்கத்துக் குரோமியத்தையெல்லாம் வளைத்துப்போடும்.
பிறகு அந்த ஒற்றையடி அகலத்துக்குக் காவல் இல்லை.
மணிகள் மின்னிக்கொண்டுதான் இருக்கும்.
உப்புக்கு வழி தெரியும்.

யார் வைத்தார்கள் இதை உலையில்?
கோப்பைத் திறந்தேன்.
'இறுக்கம் தளர: அறுநூற்றைம்பது பாகை, நான்கு மணி நேரம்,
உலையிலேயே ஆறவிடவும்.'
சாதாரண இரும்புத் தொட்டிக்கென எழுதிய தாள்,
அதற்கு அது சரி.
தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தது.
அடியில் உ. ப.
உஷியா பரெய்ரோ.
நான்தான்.

ஆற அமர யோசி, ஆற அமரச் செய் என்று
எல்லாவற்றுக்கும் சொல்கிறோம்.
இந்த எஃகு
ஆற அமர ஆறித்தான் கெட்டது.

அரித்துப்போனதை எந்தச் சூடும் திருப்பித் தராது.
ஆனால் இரண்டாம் கொப்பரையின் அடித்தகடு,
அதே தாளின்படி வெந்தது,
இன்னும் உப்பைப் பார்க்கவில்லை.
ஆயிரத்தைம்பதுக்கு ஏற்றச் சொன்னேன்,
கரி மறுபடி கரைந்து
யார் யாரிடம் என்று தெரியாமல் கலக்கும்வரை.
உலைக்கதவு தூக்கியதும்
கிரேனிலிருந்து சபேலா கத்தினாள்:
எவ்வளவு நேரம் பிடிக்கட்டும்?
பிடிக்காதே. போடு.

தண்ணீர் எழுந்து கூரையை அடித்தது.
நெளிந்துதான் போனது தகடு.
தட்டி நேராக்குவது பிராய்ஸின் வேலை,
திட்டிக்கொண்டே ஒரு சுத்தியலைத் தேடினான்.
முதல் அடிக்கு எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.

இரவு அறிக்கை.
'பற்றவைப்பில் குறையில்லை.'
அடுத்த வரி
'எங்கள் அலுவலகம்' என்று தொடங்கியிருந்தது.
அடித்தேன்.
மை காயுமுன்
பெயரை எழுதினேன்.