இணைப்பு எண் இல்லாத தண்ணீர்

அந்தமானுக்குத்தான் போவதாக இருந்தோம்
நானும் தவமணியும்.
கப்பலா விமானமா என்பதிலேயே ஒரு வருசம் போயிற்று.
பிறகு அவள் மகனுக்குக் குடல்வால் அறுவை,
என் வீட்டில் மேல்தளம் ஒழுகல்.
கடல் கடக்கக் காசில்லை.
மணிமுத்தாறு சோதனைச்சாவடியைக் கடந்தோம்.

படிவத்தில் ‘நோக்கம்’ என்றொரு கட்டம்.
தவமணி ‘வனவிலங்கு’ என்று எழுதினாள்.
நான் ‘சும்மா’ என்று எழுதினேன்.
காவலர் அதை அடித்து
‘சுற்றுலா’ என்று திருத்தினார்.

மாஞ்சோலையில் காதடைத்தது.
காக்காச்சியில் தேயிலை
கிள்ள ஆளில்லாமல் மரமாகிவிடப் பார்க்கிறது.
பூட்டிய லைன் வீட்டுச் சுவர்களில்
ஓடாத மீட்டர்களை எண்ணிக்கொண்டே போனேன்.
தொழில் புத்தி.
பதினேழு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் மேகம்.

குதிரைவெட்டியில் இறங்கியபோது
கீழே அம்பை இல்லை, கல்லிடை இல்லை,
நான் கட்டணம் வாங்கும் பெருமாள்புரம் இல்லை.
வெள்ளையாக ஒரு கடல்,
அதில் கறுப்பாக மூன்று நாலு முகடு.
“ஏளா, தீவுக்குத்தான் வந்திருக்கோம்” என்றாள் தவமணி.
“கப்பல் காசு மிச்சம்.”

கூட வந்தவன் பூதத்தான் காணி.
இருபத்தாறு வயது, ரப்பர் செருப்பு,
சட்டைப்பையில் மூக்குப்பொடி.
பொடி அட்டைக்கு, அவனுக்கில்லை.
எங்கள் கணுக்காலில் தேய்க்கச் சொல்லிவிட்டு
திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

உள்ளே மழை நின்றதா பெய்கிறதா தெரியவில்லை.
மரம் தன் கணக்கில் தனியாகப் பெய்கிறது.
காலடியில் முள்ளுமுள்ளாகப் பிளந்த வெடிப்பலா.
“இப்பம் தின்னதுதான்” என்று அண்ணாந்தான்.
நாங்களும் அண்ணாந்தோம்,
நாற்பது நிமிடம்.

சோலைமந்தி வந்தது.
எட்டு, இல்லை ஒன்பது. வயிற்றோடு ஒட்டிய குட்டி ஒன்று.
கறுத்த முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி,
சாயமடிக்க மறந்த வாரத்தில்
எங்கள் உதவிப் பொறியாளர்.
பெரியது எங்களைப் பார்த்தது.
முகம் பார்க்காமல் நான் சில்லறை தள்ளுவேனே,
அப்படி.
பிறகு கிளையில் சாவகாசமாக உட்கார்ந்து
தவமணியின் புதுக் குடைமேல் மூத்திரம் பெய்தது.
காணி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

இருவாச்சியைப் பார்க்கவில்லை.
யாரோ மூச்சிரைக்க மாடி ஏறுவதுபோல்
தலைக்குமேல் சிறகு மட்டும் போயிற்று.

ஓடை குறுக்கிட்டது.
கையை விட்டதும் எலும்பு வரை குளிர்.
“இது எங்ஙன போகுது?”
“கீழ அணைக்கு. அங்ஙன ஒங்க ஆபீஸ் மெசின் சுத்துமாமே, அக்கா?”

இருபத்திரண்டு வருசம்
யூனிட் யூனிட்டாக விற்றிருக்கிறேன் இதை,
ரசீது கிழித்து, முத்திரை குத்தி,
தாமதத்துக்கு அபராதம் போட்டு.
ஒரு நாளும் தொட்டதில்லை.
இங்கே இதற்கு இணைப்பு எண் கிடையாது,
பெயர்கூடக் கிடையாது, கேட்டேன்,
“ஓடதான்” என்றான்.
கையை எடுக்க மனசில்லாமல் குந்தியிருந்தேன்,
எனக்கு மேலே நின்று
தவமணி குடையைக் கழுவத் தொடங்கும்வரை.

திரும்பும் பேருந்தில்தான் தெரிந்தது.
பொடி படாத இடமாகப் பார்த்து
முழங்கால் மடிப்பில் ஒன்று
குடித்து, கொழுத்து, உதிர்ந்து போயிருக்கிறது.
கல்லிடைக்குறிச்சி தாண்டியும் ரத்தம் நிற்கவில்லை.
டிக்கெட்டைச் சுருட்டி ஒட்டினேன்.
டிக்கெட்டும் நனைந்தது.

ஆறு நாளாயிற்று.
கவுன்டருக்கு வெளியே ஒருவர்
ஒத்தை ஃபேனுக்கு ஆயிரத்து நானூறா என்று கத்துகிறார்.
மேசைக்கு அடியில் முழங்காலைச் சொறிந்தபடி
நிமிர்ந்து பார்த்தேன்.
பிடரி நரைத்திருந்தது.
“உக்காருங்க அண்ணாச்சி, மீட்டரைப் பாக்கச் சொல்லுவோம்” என்றேன்.
அவர் உட்காரவில்லை.
அரிப்பு சற்று அடங்கி
மறுபடி தொடங்கியது.