தீப்பெட்டி வெளியே

காட்டுமாடு கொம்பால் கதவில் கிறுக்கியிருந்தது.
பல் டாக்டரின் பழைய மாருதி.
குன்னூர் ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகையில்
பாதிக்கு முடித்துத் தருவதாக
வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான் இருதயராஜ்,
வீட்டுக்கு அடியில் ஒரு ஷெட் இருக்கிற தைரியத்தில்.

அருவங்காட்டில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று.
எங்கள் ஷெட்டின் தரையும்
ஜன்னத்தக்கா அடுப்படியின் கூரையும்
ஒரே மட்டம்.
அதை அவன் பார்க்கவில்லை.
உச்சியில் மாட்ட ஒரு ஃபேன் வாங்கி வந்திருந்தான்.
"புகை மேலேதானே போகும்?"

புகை போகும். தின்னர் போகாது.
அதன் ஆவிக்குக் கனம் உண்டு.
தரையைத் தேடும், படி இறங்கும்,
மழைத்தண்ணீர் போன வழியெல்லாம் அதற்குத் தெரியும்.
கீழே யார் வீட்டு பர்னரிலோ
நீல நுனி ஒன்றைத் தொட்டால்
போன வழியே திரும்பி ஓடி வரும்,
நெருப்பாக.

பதினேழு வருஷம் வெடிமருந்து ஆலையில்
கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்தவள் நான்.
உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு
உடம்பில் ஏறிய மின்சாரத்தை
மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் காலெடுத்து வைப்போம்.
"உன் ஆலையை இங்கே கொண்டுவராதே" என்றான்.
கொண்டுவந்தேன்.

ஃபேன் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது,
கற்பூர மரங்கள் நிற்கிற ஆளில்லாப் பக்கம் பார்த்து.
மோட்டார் சுவருக்கு வெளியே,
நடுவில் ஒரு பெல்ட்.
சுவிட்சுகள் எல்லாம் வெளியே.
விளக்கு, கண்ணாடிக்கு அந்தப்புறம்.
காற்று வரும் ஜன்னலுக்கு வடிகட்டித் துணி.
காரின் வயிற்றிலிருந்து மண்ணுக்கு ஒரு கம்பி.
தின்னர் துடைத்த துணிக்கு மூடி போட்ட தகரம், உள்ளே தண்ணீர்.
குளிருக்கு அவன் வைத்திருந்த கரி அடுப்பை
நானே தூக்கிக்கொண்டு மேலே போனேன்.
அன்று இரவு என்னிடம் பேசவில்லை.

தாடியும் போனது.
முடிக்கும் முகமூடிக்கும் நடுவே
ஒரு நூல் இடம் போதும் விஷத்துக்கு.
கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக
அவன் தாடையில் ஒரு பள்ளத்தைப் பார்த்தேன்.
ஆணியில் மாட்டுமுன் ஒரு பாடமும் சொன்னேன்:
உள்ளே பெயின்ட் வாசம் வந்தால்
ஃபில்டர் செத்துவிட்டது,
துப்பாக்கியைக் கீழே வை, வெளியே வா.

நேரம்தான் கிடைக்கவில்லை.
காலையில் மூடுபனி. ஈரக் காற்றில் அடித்தால்
நீலம் பாலாடை கட்டும்.
மத்தியானத்துக்குப் பிறகு மறுபடி மூடுபனி.
நடுவில் வெயில் தலைகாட்டுகிற ஒன்றரை மணியில்
ஜன்னத்தக்கா குழம்பு வைப்பாள்.
போய்ச் சொன்னேன்.
யோசித்தாள்.
"சரி, பத்தரைக்கு சிலிண்டரை மூடிடறேன்.
முடிஞ்சதும் தகரத்தைத் தட்டு.
எம் பையன் பைக்குக்கும் ஒரு கோட் அடிச்சுக் குடுக்கச் சொல்லு."

வியாழக்கிழமை, வானம் வெளுத்தது.
தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன்.
வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறேன்:
முதல் வண்டியாயிற்றே என்று
பல் டாக்டர் வந்திருக்கிறார்,
எலுமிச்சை, வெற்றிலை, கற்பூரம்,
விரலிடுக்கில் தீக்குச்சி.
என் குரல் ஆலைச் சங்கு மாதிரி வந்தது என்று
பிறகு சொன்னார்கள்.
எலுமிச்சைக்கு ஷெட்டில் இடம் கொடுத்தேன்.
கற்பூரத்தை மேல் ரோட்டுக்கு அனுப்பினேன்,
டாக்டரோடு.

நாற்பது நிமிஷம்.
கண்ணாடிக்கு அந்தப்புறம் அவன் கை
போய் வந்து போய் வந்துகொண்டிருந்தது.
நடுவே ஒருதரம் நின்றது. என் மூச்சும்.
மூக்கைச் சொறியப் பார்த்திருக்கிறான்.

பானெட்டின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு வெள்ளை படர்ந்தது.
பனி சொன்ன நேரத்துக்குமுன் வந்துவிட்டது.
அதை நாளை தேய்க்கலாம்.

அவன் வெளியே வந்த பிறகும்
ஃபேனை நிறுத்தவில்லை. அரைமணி ஓடியது.
குனிந்து கதவடியில் மோந்து பார்த்தேன்.
பிறகுதான் தகரத்தைத் தட்டினேன்.

கீழே அடுப்பு பற்றுகிற சத்தம்.
கொஞ்சத்தில் வெங்காயம் வதங்கும் வாசம் ஏறி வந்தது.
முகமூடித் தழும்பு பதிந்த மூக்கை
அவன் காற்றில் நீட்டினான்.
"கருவாடும் இருக்கு" என்றான்.